முப்பத்துமூன்று முருகாவும் ஏழு வரிகளும்

சென்ற மாதம் என் கைப்பேசி என்னைக் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் எடுத்துப் பார்த்தால், "சில குறைகள் சரிசெய்யப்பட்டன" என்று ஒரு வரி. எத்தனை குறை, எந்த இடத்தில், யார் செய்தது, எதற்காகச் சரிசெய்தார்கள், ஒன்றும் இல்லை. இப்படி ஒரு தாளை என் பழைய மேலாளர் கமால் பாஸின் மேசைக்குக் கொண்டுபோயிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

இதைப் பற்றி லோகேஸ்வரியிடம் தொலைபேசியில் புலம்பினேன். என் கீழ் வேலை பழகியவள், இப்போது ஒரு பெரிய கணினிப் பிரிவுக்குத் தலைவி. "அண்ணே, அந்த முருகன் விஷயத்தை எழுதி வைங்களேன். இப்ப உள்ள பிள்ளைங்க சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு. எண்ணிக்கைகளாவது சரியாகப் பதிவாகட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது எல்லாரும் அவரவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார்கள்.

என் வேலைக்காலம் முப்பத்தொரு ஆண்டு, நான்கு மாதம். எழுபதுகளின் தொடக்கத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அட்டைகளில் துளையிடும் வேலையில் சேர்ந்தேன். ஓர் அட்டைக்கு எண்பது கட்டம். ஒரு கட்டம் தள்ளிப்போனால் அட்டை குப்பைக்கு. எதையும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. படிக்கட்டு ஏறும்போதும் விடுவதில்லை. பிறகு மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்து, மூன்று அலுவலகம் மாறி, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பீச் ஸ்ட்ரீட்டில் பதினான்கு பேர் கொண்ட ஒரு சிறிய கணினி நிறுவனத்தில் இருந்தேன். அங்கே நடந்ததுதான் இது.

எங்கள் தீவிலும் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கமுமாக ஒன்பது சரக்கு முகவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். கப்பலில் யாருக்கு என்ன சரக்கு வருகிறது என்ற பட்டியலை அவர்கள் தினமும் தொலைபேசிக் கம்பி வழியாக எங்களுக்கு அனுப்புவார்கள். அந்தப் பட்டியல் போட்டியாளர் கையில் சிக்கினால் வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பட்டியலைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். பூட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்தியது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மறையாக்க நிரல்தொகுப்பு. அதன் நிரல் முழுவதும் எல்லாரும் படிக்கத் திறந்தே கிடந்தது. குறை கண்டவர் திருத்தம் எழுதி அனுப்பலாம். குளிர்நாடு ஒன்றில் இருந்த ஒரு கணித ஆசிரியர், பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில், அவற்றைப் பார்த்துச் சேர்ப்பார். அவர் முகத்தை நான் கண்டதில்லை. பராமரிப்பாளர் என்றே சொல்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் அந்தத் தொகுப்பைப் 'பூட்டு' என்போம்.

பூட்டுக்குத் தினமும் ஒரு புதுச் சாவி வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத சாவி. அதற்காக ஒவ்வொரு முகவர் அலுவலகத்திலும் கிராணி என்று நாங்கள் சொல்லும் எழுத்தர் காலையில் இருநூறு எழுத்து, கைக்கு வந்தபடி, அடிக்க வேண்டும். என்ன எழுத்து என்பது முக்கியமே இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய நேரத்தைத்தான் பூட்டு எடுத்துக்கொள்ளும். மனிதக் கை ஒருநாள் போல் மறுநாள் தட்டாது. நல்ல ஏற்பாடு.

ஆனால் இந்தக் கிராணிகள் பெரிய கணினியின் முன் உட்காரவில்லை. அது அந்தந்த அலுவலகத்து ஸ்டோர் அறையில் குளிரில் இருந்தது. அவர்கள் மேசையில் இருந்தவை வெறும் திரைகள். நடுவில் ஒரு பெட்டி எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும். இருபது எழுத்து ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் இடைவெளி ஏது? பூட்டு "போதாது, இன்னும் அடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பது அலுவலகமும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டன. நான் ஏழு வரியில் ஒரு திருத்தம் எழுதினேன்: இடைவெளி கிடைக்காவிட்டால் எழுத்துகளையே எடுத்துக்கொள். உடனே புகார் நின்றது. பெருமை பொறுக்காமல் பராமரிப்பாளருக்கும் அனுப்பினேன். அவரும் சேர்த்துக்கொண்டார். நன்றிப் பட்டியலில் என் பெயர் வந்தது: அறுபத்துமூன்று பேரில் நாற்பத்தொன்றாவது. அந்தத் தாளை அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

இங்கே கமால் பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமாலுத்தீன் என்பது முழுப்பெயர். நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. குரல் உயர்த்த மாட்டார். ஆனால் அவர் 'பாரம்' என்று சொல்லும் படிவத்தை நிரப்பாமல் எங்கள் அலுவலகத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறாது. எந்த நிரல், எந்த வரியிலிருந்து எந்த வரி வரை, யார், காரணம். மூன்று நகல்: வெள்ளை கோப்புக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு, இளஞ்சிவப்பு அறிவிப்புப் பலகைக்கு. பலகை, தண்ணீர் கொதிக்கவைக்கும் இடத்துக்கு நேர் எதிரே. தேநீர் கலக்கும்போது எல்லாரும் படிப்பார்கள். பாரத்தைக் கொடுத்தால் பாஸ் முதலில் பாதியாக மடிப்பார், மடிப்பை நகத்தால் அழுத்துவார், பிரிப்பார், பிறகு கீழேயிருந்து மேலே படிப்பார். முதல் சொல் எப்போதும் "காரணம்?" என்பதுதான். என் ஏழு வரிக்கு 'கிராணிகளின் விரல் வலி' என்று எழுதியிருந்தேன். "நல்ல காரணம்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.

ஒவ்வொரு சாவிக்கும் எட்டெழுத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு; அது எங்கள் பதிவில் வந்து விழும். அன்று பாகான் டாலாம் முகவரின் குறியைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் போல் இருந்தது. பழைய பதிவைப் புரட்டினேன். போன வியாழனும் அதே குறி. அதற்கு முந்தைய திங்களும். நாற்பது வேலைநாளை எடுத்து எண்ணினேன். முப்பத்தொரு நாள் ஒரே சாவி.

ஃபெர்ரி பிடித்து அக்கரைக்குப் போனேன். அங்கே கிராணி அம்பிகாக்கா. ஐம்பது வயது, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருப்பார். பாகான் டாலாமில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"காலையில சாவிக்கு என்னக்கா அடிப்பீங்க?" என்றேன், சும்மா பேச்சுக்குக் கேட்பது போல.

"முருகாதான் தம்பி. வேலைய ஆரம்பிக்கும்போது வேற எதை அடிக்கிறது? மெஷின் போதும்னு சொல்ற வரைக்கும் முருகா முருகா முருகா. இடைவெளி விட மாட்டேன்."

ஆங்கிலத்தில் முருகாவுக்கு ஆறெழுத்து. இருநூறு எழுத்துக்கு முப்பத்துமூன்று முருகா, முப்பத்துநான்காவதில் இரண்டெழுத்து. தினமும் அதே. அக்கா தட்டச்சில் முதல் வகுப்பில் தேறியவர். அதுதான் வினை. மற்ற எட்டு அலுவலகங்களையும் அவர்களுடைய தட்டுப்பிழை காப்பாற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நாற்பது நாளில் ஒன்பது நாள்தான் கை தவறியிருக்கிறது.

திரும்பும் ஃபெர்ரியில் எனக்குத் தலை சுற்றியது. கடல் சும்மாதான் இருந்தது. பிழை அக்காவுடையது அல்ல, என் ஏழு வரியுடையது. அந்த ஏழு வரி இப்போது எங்கள் ஒன்பது இடத்தில் மட்டும் இல்லை. பூட்டைப் பயன்படுத்தும் உலகம் முழுவதும் இருக்கிறது. எங்கெல்லாம் நடுவில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதோ, அங்கெல்லாம் எவரோ தினமும் தம் பிள்ளை பெயரையோ சாமி பெயரையோ அடித்துக்கொண்டிருப்பார்.

மூன்று நாளில் மாற்று எழுதினேன். ஏழு வரியையும் எடுத்துவிட்டு, பெரிய கணினியின் சொந்த விசைப்பலகையில் அடித்தால்தான் ஏற்கும்படி செய்தேன். திரும்பத் திரும்ப ஒரே சொல் வந்தால் 'பீப்' என்று மறுக்கவும் வைத்தேன். பராமரிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு தடவை திருத்தினேன். ஓட்டை எங்கே, எப்படி, அடைக்க என்ன வழி, எல்லாம் இருந்தது. ஓட்டை போட்டது யார் என்பது மட்டும் பதினோரு தடவையும் விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. திருத்தம் சரி. திங்கள் தொடங்கிப் பதினான்கு நாள் இதைப் பற்றி எவரிடமும் மூச்சு விடக்கூடாது. அதற்குள் பெரிய இடங்களுக்கு அவர் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார். பிறகு உலகத்துக்கு அறிவிப்பார். உங்கள் இடங்களில் இப்போதே போட்டுக்கொள்ளலாம், காரணம் சொல்லக் கூடாது. கடைசியில் இரண்டு வரி: பழைய திருத்தங்களை யார் அனுப்பியது என்ற குறிப்பு என் வட்டு பழுதானபோது போய்விட்டது. இந்த ஏழு வரியை எழுதியவர் வேறு எதையாவது கெடுத்திருக்கலாம்; யாரென்று தெரியவந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அதைப் பதினேழு முறை படித்தேன். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்த தாளை எடுத்து இழுப்பறையில் கவிழ்த்து வைத்தேன்.

பாரத்தோடு பாஸிடம் போனேன். மடித்தார். அழுத்தினார். பிரித்தார்.

"காரணம்?"

"சொல்ல முடியாது பாஸ்."

"சரி, 'சொல்ல முடியாது'ன்னு எழுது."

"அப்படி எழுதினா என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிடும் பாஸ்."

"ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு மாத்தறே?"

"மேம்பாடு-ன்னு போடவா?"

"மேம்பாட்டுக்கு யாருப்பா திங்கக்கிழமை காலையில மொத ஃபெர்ரியில ஓடுவா?"

கடைசியில் 'பராமரிப்பாளர் கேட்டுக்கொண்டபடி' என்று எழுதினேன். அதை இரண்டு முறை படித்தார். "இது காரணம் இல்லே குணா. இது ஆளு" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்கு முன் வரி எண்களின் மேல் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. நான் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

இளஞ்சிவப்பு நகல் பலகைக்குப் போய் அரை மணி நேரத்தில் மூன்று கதை கிளம்பிவிட்டது. நிறுவனத்தை விற்கிறார்கள் என்றார் ஒருவர். போலீஸ் கேட்டிருக்கிறது என்றார் இன்னொருவர். லோகேஸ்வரி என் பக்கத்தில் வந்து, "அண்ணே, வெளிநாட்டுல வேலை கிடைச்சிடுச்சா? எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களா லா?" என்றாள். இல்லையம்மா என்றேன். "மூஞ்சி வேர்க்குதே" என்றாள். இந்த ஊரில் ஓர் இரகசியத்தைப் பதினான்கு நாள் வைத்திருக்கச் சொன்னவர் குளிர்நாட்டுக்காரராகத்தான் இருக்க முடியும்.

திங்கள் காலை முதலில் அம்பிகாக்காவிடமே போனேன். மாற்றியதைப் போட்டுவிட்டு, இனிமேல் ஸ்டோர் அறைக்குள் வந்து இந்தப் பெரிய கணினியில்தான் அடிக்க வேண்டும் என்றேன்.

"குளிருதே. எதுக்கு?"

"சும்மாதான்க்கா."

போர்வை போல் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு முருகா என்று தொடங்கினார். பீப்.

"என்ன இது?"

"வேற ஏதாவது அடிங்கக்கா."

கணபதி என்று அடித்தார். மூன்றாவது கணபதியில் பீப். பார்வதி என்று அடித்தார். பீப். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குடும்பத்தோடவே ஆகாதா இதுக்கு?"

"சாமி பேருன்னு இல்லக்கா..."

"அப்ப என்ன? காரணத்தைச் சொல்லு."

"சொல்ல முடியாதுக்கா."

கண்ணாடியைக் கழற்றினார். சங்கிலியில் அது ஆடியது. "நீ சொல்ல வேணாம் தம்பி. எனக்குப் புரிஞ்சிடுச்சி. உங்க பாஸுக்கு ஆகல. அப்படித்தானே?"

"ஐயோ, பாஸுக்கு இதுல சம்பந்தமே இல்லக்கா."

"ஒன்றரை வருஷமா முருகனை வாங்கிக்கிட்ட மெஷின் இன்னிக்கு வேணாங்குது. மஞ்சள் தாள்ல கமாலுத்தீன்னு கையெழுத்து இருக்கு. சம்பந்தம் இல்லையாம்."

இதைச் சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் விசைப்பலகையை அறைந்தார், எழுத்து தீரும் வரை. கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஒன்பது அலுவலகங்களிலும் அன்று அதைவிட நல்ல சாவி பிறக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் மற்ற எட்டு இடத்துக்கும் அலைந்தேன். போன இடமெல்லாம் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ஜெலுத்தோங் அலுவலகத்துக் கிராணி, "உங்க பாஸ் ஏன் இப்படி மாறிட்டாரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் மறுத்தால் காரணம் கேட்டார். காரணம் சொல்லாமல் மறுத்தால், மறுக்கிறான் பார் என்றார். ஐந்து கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். நிறுத்துப் பார்த்தேன், இரண்டரைதான்.

சனிக்கிழமை பாஸ் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம், அம்பிகாக்காவின் அழகான கையெழுத்தில். எங்கள் தெய்வத்தின் மேல் ஐயாவுக்கு என்ன மனத்தாங்கல் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

"எங்க வாப்பா இருந்த வரைக்கும்," என்றார் பாஸ், "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற வழிப் பந்தலுக்கு ஐஸ் கட்டி எங்க வீட்டிலேர்ந்துதான் போகும். சின்ன வயசுல வண்டியில கூடவே நானும் போவேன்." கடிதத்தை மடித்தார். நகத்தால் அழுத்தினார். "ஆறு நாளா நான் ஒரு சாமியோட சண்டை போடறவனா இருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோப்பிலிருந்து இரண்டு வெள்ளை நகலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று போன சனிக்கிழமையுடையது. மற்றது ஒன்றரை ஆண்டுக்கு முந்தையது, கிராணிகளின் விரல் வலி.

"எனக்கு உன் நிரல் புரியாது. நம்பர் படிக்கத் தெரியும். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டிலேர்ந்து பதினெட்டு வரைக்கும் சேர்த்தது நீ. இங்கே இருநூற்றுப் பன்னிரண்டிலேர்ந்து பதினெட்டு வரைக்கும் எடுக்கறதும் நீ."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஆச்சின்னு நான் கேக்கலே. வாக்குக் குடுத்துட்டே, வச்சிக்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வெளிநாட்டு ஆளுக்குத் தெரியுமா இது உன்னோடதுன்னு?"

"தெரியாது பாஸ்."

"கேட்டாரா?"

"கேட்டார்."

"எத்தனை நாளாச்சு?"

"ஏழு."

"நீ ரகசியத்தைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன். உன்னையும் சேர்த்துல்ல காப்பாத்திக்கிட்டு இருக்கே." இதையும் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். "இன்னும் எட்டு நாள் இந்தப் பழிய நான் சுமக்கிறேன், பரவால்லே. நீ இன்னிக்கே அவருக்கு எழுது."

எழுதினேன். இம்முறை திருத்தவில்லை. நான்கு வரி: அந்த ஏழு வரி என்னுடையது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வேறு இரண்டு திருத்தமும் அனுப்பியிருக்கிறேன். அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

வழக்கமாக அவர் பதில் மறுநாள் வரும். இப்போது ஞாயிறு வரவில்லை, திங்கள் வரவில்லை. நன்றிப் பட்டியலில் அறுபத்திரண்டு பெயர்தான் இருக்கப்போகிறது, அதோடு இந்தத் தொழிலில் என்னை எவரும் நம்பப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். செவ்வாய் மாலை வந்தது. உங்கள் மற்ற இரண்டையும் வரிவரியாகப் பார்த்தேன், அதனால்தான் தாமதம், இரண்டும் சரி. கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைப் போடுகிறேன். உண்டாக்கியவர் பெயரைப் போடத் தேவையில்லை; பார்க்காமல் சேர்த்தது நான். சம்மதமா?

தாளைப் பாஸிடம் காட்டினேன். கீழேயிருந்து மேலே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டையும் போடுங்கள் என்று எழுதினேன்.

மூன்றாம் திங்கள் காலை அறிவிப்பு உலகத்துக்குப் போயிற்று. கண்டுபிடித்தவர்: என் பெயர். உண்டாக்கியவர்: மேற்படியார். சரிபார்க்காமல் ஏற்றவர்: பராமரிப்பாளர். அதை அச்சிட்டு பாஸ் தம் கையாலேயே பலகையில் குத்தினார். லோகேஸ்வரி தேநீரைக் கலக்கியபடி படித்தாள். "அண்ணே, ரெண்டுமே நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப வெளிநாட்டு வேலை இல்லையா?" என்றாள்.

பத்து மணிக்கு பாஸும் நானும் ஃபெர்ரி ஏறினோம். அவர் வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது அபூர்வம். அம்பிகாக்கா எழுந்து நிற்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: எழுத்து, இடைவெளி, பெட்டி, என் ஏழு வரி, பதினான்கு நாள் வாக்கு. "தப்பு என்னோடதுக்கா. பாஸுக்குக் காரணமே தெரியாது. தெரியாமலே உங்க கோபத்தை வாங்கிக்கிட்டார்."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப, நான் என்ன அடிக்கிறேன்னு தெரிஞ்சவன் எவனும் எங்க லிஸ்ட்டைத் தெறந்து படிச்சிருக்கலாமா?"

"படிச்சிருக்கலாம்க்கா."

"பாகான் டாலாம் பூரா தெரியுமே தம்பி அது."

பழைய பட்டியலை எவரும் திறந்ததாகக் கடைசிவரை தடயம் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அக்கா பாஸின் பக்கம் திரும்பினார். இப்போது எழுந்து நின்றார். "அண்ணே, மன்னிச்சிடுங்க. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கடிதம் மரியாதையாத்தான் இருந்துச்சி."

"கடிதம் இல்லண்ணே." அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "முருகனை வேணாம்னுடுச்சில்ல, வேற என்னத்தை அடிக்கிறதுன்னு தெரியல. அதான் தெனம் காலையில உங்களைத் திட்டியே அடிச்சேன். இருநூறு எழுத்துக்கு. சொன்னதையே சொன்னா மெஷின் வாங்க மாட்டேங்குது. அதனால ஒவ்வொரு நாளும் புதுசா யோசிச்சி..."

"என்னன்னு அடிச்சீங்க?" என்றார் பாஸ்.

"சொல்லாதீங்கக்கா" என்றேன் நான். இப்போது சாவி இடைவெளியில்தான் என்றாலும், அடித்ததை வெளியே சொல்லும் பழக்கமே இனி வேண்டாம்.

பாஸ் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

ஃபெர்ரி கரையை நெருங்கும்போதுதான் பாஸ் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் குணா?"

"ரெண்டு ஞாயிறு போச்சு பாஸ். மொத நாள் வெறுமனே அறைஞ்சதுதான். இன்னிக்குக் காலையையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு."

"பன்னிரண்டும் வேற வேறயா?"

"தினமும் புதுசுன்னு அக்காவே சொன்னாங்களே பாஸ். அடையாளக் குறியையும் எண்ணிப் பார்த்துட்டேன். ஒண்ணு போல ஒண்ணு இல்ல."

"கெட்டிக்காரி" என்றார் கமால் பாஸ்.